ஆடி மாதத்து எம்.எஸ்ஸி.

1

இந்த ஞாயிறு எங்கள் வீட்டு முறை. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து அம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றும்போது முதல் பானை எந்த வீட்டிலிருந்து போக வேண்டும் என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை சுற்றிச் சுற்றி ஏழு வருடம் கழித்து மறுபடி எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் நேற்றே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துவிட்டார். அவரை யாரும் செய்யச் சொல்லவில்லை. நீ ஏன் செய்யவில்லை என்று என்னை யாரும் கேட்கவும் இல்லை. நான் பாட்டுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து நம் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுதக் காரணம் நீங்கள்தான். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குக் குடியாத்தம் வந்திருந்தபோது பந்தியில் மூன்று பேர் அடுத்தடுத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். வேலைக்கும் போய்க்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, மூலக்கூறு உயிரியலில் எம்.எஸ்ஸி. முடித்தாயாமே, அது எப்படி? சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் எழுதி அனுப்புவதாக ஒப்புக்கொண்டேன்.

பத்திரிகை நடத்துகிறவர் இதைத் துபாய்க்காரரும் கனடாக்காரரும் எழுதுகிற அயல்வாழ்க்கைப் பக்கத்தில் போடப் போவதாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊர் வந்து சேருகிற நான் எந்த அயல்நாட்டில் இருக்கிறேன்? பிறகு யோசித்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. இந்த ஊருக்கு வந்தபோது என்னிடம் பாஸ்போர்ட்டைத்தான் கேட்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் கேட்டார்கள்.

2

நான் பெங்களூர் வந்தது தொண்ணூற்றொன்றில், கல்யாணமான கையோடு. பி.எஸ்ஸி. நுண்ணுயிரியல் முடித்திருந்தேன். சென்னையில் எம்.எஸ்ஸி. இடமும் கிடைத்திருந்தது. கல்லூரி திறக்கிற வாரமும் முகூர்த்த வாரமும் ஒன்றாக விழுந்தன, முகூர்த்தம் ஜெயித்தது. மாப்பிள்ளை நல்லவர், பீன்யாவில் லேத் பட்டறையில் நிரந்தர வேலை என்று வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. ஆனால் அந்த இடம் போனதை நினைத்து முதல் ஒரு வருடம் நான் அழாத வாரம் கிடையாது. இதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

பீன்யாவில் ஒற்றை அறை வீடு. தெருமுனையில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தொழிற்சாலை. அதில் ஒன்று நொதி தயாரிக்கிற கம்பெனி. துணி சோப்புக்கும் பழச்சாறு தெளிய வைக்கவும் போடுகிற நொதிகள். அங்கே தரச் சோதனைக் கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் தனசேகர்தான் விசாரித்துக்கொண்டு வந்தார். சேர்ந்தேன். தொட்டியிலிருந்து சாம்பிள் எடுப்பது, சோதிப்பது, கையெழுத்துப் போடுவது என்று நாள் ஓடும். கையெழுத்துக்கு மேலே இன்னொரு கையெழுத்து வேண்டும். அந்த இன்னொரு கையெழுத்துக்காரர்கள் எல்லோரும் எம்.எஸ்ஸி. படித்தவர்கள். என்னைவிட நான்கு வயது சின்னப் பையன் ஒருவன் வந்து என் வேலையைச் சரிபார்த்துத் தலையாட்டுவான். நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வயிறு எரியும்.

தொண்ணூற்றைந்தில் கம்பெனி நோட்டீஸ் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். வேலை பார்க்கிறவர்களுக்காக ஒரு பல்கலைக்கழகம் மூலக்கூறு உயிரியலில் எம்.எஸ்ஸி. தொடங்குகிறது. ஒவ்வொரு பாடமும் சனி, ஞாயிறுகளில் ஆறேழு வாரம் ஓடும். எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்பது படிக்கிறவர் இஷ்டம். அடிப்படைப் பாடங்கள் முன்னால், ஆய்வுக்கூடப் பாடங்கள் பின்னால் என்கிற ஒரு ஒழுங்கு மட்டும் கட்டாயம். ஐந்து வருடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். முடியாவிட்டால் படித்ததெல்லாம் போயிற்று, மறுபடி முதலிலிருந்துதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு யார் வைப்பது? நீங்கள்தான் என்றேன். சரி என்றார். எங்கள் வீட்டுப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

3

இனி ஆபீஸ் கதை. அயல்வாழ்க்கைப் பக்கம் என்றால் ஆபீஸ் கதை இல்லாமல் முடியுமா?

நான் தமிழ்நாட்டில் படித்தவள். ஆகவே இங்கே சேர வேண்டுமானால் தகுதிச் சான்றிதழ் வேண்டும். தகுதிச் சான்றிதழ் தர, ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து இடமாற்றுச் சான்றிதழ் வேண்டும். ஊர்ப் பல்கலைக்கழகத்தில் போய்க் கேட்டால், எங்கே சேரப் போகிறாய், அவர்கள் சேர்த்துக்கொண்டதற்கு அத்தாட்சி எங்கே என்கிறார்கள். இங்கே வந்து அத்தாட்சி கேட்டால் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் எப்படித் தருவது என்கிறார்கள். கைக்குழந்தை பவித்ராவைத் தூக்கிக்கொண்டு சுற்றத் தொடங்கியவள் நான். சுற்றி முடிப்பதற்குள் அவளை ஸ்கூலில் சேர்த்துவிடுவேனோ என்று பயமாகிவிட்டது.

கடைசியில் ஒரு நாள் பொறுமை போய், இங்கே தகுதிச் சான்றிதழ் தருகிற பிரிவின் தலைமை எழுத்தரிடம் கன்னடத்திலேயே பேசிவிடுவது என்று துணிந்தேன். நான் கன்னடம் கற்றது கம்பெனித் தளத்தில், தொட்டி கழுவுகிறவர்களிடமும் வேன் ஓட்டுகிறவர்களிடமும். அங்கே மரியாதைப் பன்மையெல்லாம் யாரும் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அதே கன்னடத்தில் தலை நரைத்த அந்த மனிதரிடம், ஏம்ப்பா, நீ எப்பத்தான் குடுப்ப என்கிற மாதிரி கேட்டு வைத்தேன். அறையில் இருந்த எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “ஏனம்மா, நானு நிம்ம தம்மனா?” என்றார். நான் என்ன உங்கள் தம்பியா என்று அர்த்தம். குழந்தை வேறு அவர் மேசை மேலிருந்த மணியைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறது.

அவரும் சிரித்துவிட்டார். தம்பியாகிவிட்ட பிறகு செய்யாமல் இருக்க முடியுமா என்று, தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டதாக ஒரு தாளில் தட்டச்சு செய்து முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தத் தாளைக் காட்டி ஊரில் ஒன்று, அதைக் காட்டி இங்கே ஒன்று என்று முடிச்சு அவிழ்ந்தது. இந்த ஊரைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இவரைப் பற்றித்தான்.

4

சேர்ந்தாயிற்று. இனி எந்தப் பாடத்தை எந்த மாதத்தில் எடுப்பது என்று திட்டம் போட்டு, படிப்புக்குப் பொறுப்பான பேராசிரியை நாகரத்னா மேடத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும்.

என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் சுலபமானது முதலில், கஷ்டமானது பிறகு என்று போட்டார்கள். நான் அப்படிப் போடவில்லை. வருடா வருடம் அப்பா நகைக்கடைக் காலண்டர் ஒன்று அனுப்புவார், முகூர்த்த நாளெல்லாம் மஞ்சளில் குறித்திருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டேன். என் சனி, ஞாயிறுகளைத் தின்னப் போவது எது என்று எனக்குத் தெரியும். வைகாசி, ஆவணி, தை மூன்றும் கல்யாண மாதங்கள். பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் பாக்டீரியாவோடு இருந்தேன் என்றால் ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஆகவே அந்த மாதங்களில் ஒன்றுமே வைக்கவில்லை, அல்லது வீட்டிலிருந்தே எழுதித் தரக்கூடிய பாடம். புரட்டாசியில் உயிர்வேதியியல். மார்கழியில் மரபியல். எல்லாவற்றிலும் கனமான ஆய்வுக்கூடப் பாடங்களை ஆடியில் வைத்தேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, யாரும் எங்கேயும் கூப்பிட மாட்டார்கள். அதைவிடக் காலியான மாதம் உண்டா?

நாகரத்னா மேடம் என் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எல்லாரும் ஒதுக்குகிற மாதத்தில் நீ மட்டும் ஏன் இப்படிக் குவித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும். பெங்களூர்க் கன்னடக்காரர்கள் நிறையப் பேருக்குத் தமிழ் நன்றாகவே வரும், அவருக்கும் வந்தது.

“எங்க ஆஷாடமும் அப்படியேதான்ம்மா. எங்க அத்தை வீட்டுல ஒரு ஆணிகூட அடிக்க மாட்டாங்க. நான் பிஎச்.டி. எழுதினதே அந்த மாசத்துலதான், யாருக்கும் சொல்லல.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கு மேலே போட்ட கையெழுத்தைப் பார்த்து முதல் தடவையாக வயிறு எரியவில்லை.

5

திட்டம் ஓடியது. ஓடியது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன், அதற்குள் நாலு வருடம் இருக்கிறது. மெஜஸ்டிக்கில் பஸ் மாறும்போது நின்றபடியே படித்தது, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு மெல்ல மெல்ல என் கையைவிட அவர் கையில் நன்றாக வர ஆரம்பித்தது எல்லாம் அதற்குள்தான். நடுவில் இரண்டாவதாகப் பையன் பிறந்தான். அவனும் சமத்தாக மார்கழிக்கும் ஆடிக்கும் நடுவில், கல்யாண மாதத்தில் பிறந்தான். அந்த வருடம் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாததை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று பீன்யாவை விட்டு ஸ்ரீராம்புரத்துக்குக் குடி வந்தோம். தனசேகரின் அக்கா கன்னியம்மா அதே சந்தில் இருக்கிறார். எனக்கு நாத்தனார். மாநகராட்சியில் தெருக் கூட்டும் வேலை. காலையில் வேலை முடித்து வந்தால் பகல் முழுதும் என் பையன் அவர் இடுப்பில்தான். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். இதை அவர் படிக்க மாட்டார் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பவித்ராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது எட்டாவது படிக்கிறாள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். தமிழில் பேசுவாள், சண்டை போடுவாள், எழுதத் தெரியாது. அவள் சின்னவளாக இருந்தபோது என் எம்.எஸ்ஸி. பாடங்களுக்கு நடுவில் அவளுக்குத் தமிழ் சொல்லித்தர ஒரு மாதம்கூட நான் ஒதுக்கவில்லை. அந்தக் காலண்டரில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது, அதற்கு இருக்கவில்லை. வருத்தம்தான். இன்று காலை நான் எழுதுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதல் பத்தியை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிப் படித்தாள். “கேழ்வரகுன்னா ராகியா? அப்ப ராகின்னே எழுதேன்ம்மா” என்றாள். முடியாது என்றேன். மிச்சத்தை நாளைக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் படிப்பதற்காகவே இந்தக் கட்டுரை கொஞ்சம் நீளமாகப் போகிறது.

6

இரண்டாயிரமாவது வருடம். ஐந்து வருடக் கெடுவில் கடைசி ஆடி. பாடங்கள் முடிந்துவிட்டன, ஆய்வறிக்கையும் கொடுத்தாயிற்று. மிச்சம் ஒரே ஒரு செய்முறைத் தேர்வு, ஜீன் குளோனிங். அதற்குள் கம்பெனியில் புதிதாக ஒரு மரபணுக் கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, பட்டம் கையில் இருந்தால் கூடம் உன் பொறுப்பு, இல்லாவிட்டால் ஹைதராபாத்திலிருந்து ஆள் எடுக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

குளோனிங் என்றால் என்னவோ என்று பயப்பட வேண்டாம். பாக்டீரியாவுக்குள் வளையம் மாதிரி சின்ன டி.என்.ஏ. ஒன்று இருக்கும். அதை ஒரு நொதியால் வெட்டி, நமக்கு வேண்டிய மரபணுவை நடுவில் செருகி, மறுபடி ஒட்டி, பாக்டீரியாவுக்குள் அனுப்பித் தட்டில் பரப்பி வைப்போம். மறுநாள் காலையில் தட்டில் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். நீலப் புள்ளி என்றால் வளையம் காலி, நாம் செருகியது உட்காரவில்லை. வெள்ளைப் புள்ளி என்றால் உட்கார்ந்துவிட்டது. இதை நான் சாப்பிடும்போது தனசேகருக்குச் சொன்னேன். அவர் பட்டறை பாஷையில் உடனே பிடித்துக்கொண்டார். நீலம் ரிஜெக்ட், வெள்ளை பாஸ்.

ஜூன் மாத ஒத்திகையில் என் தட்டு முழுக்க நீலம். ஒரு வெள்ளைகூட இல்லை. அந்த வாரம் கரண்ட் போய்ப் போய் வந்ததில் வெட்டுகிற நொதி சோர்ந்து போயிருக்கும் என்று மேடம் சமாதானம் சொன்னார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும் தனசேகர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நீலமா என்று மட்டும் கேட்டார். போய்ப் படுத்துக்கொண்டேன்.

தேர்வு ஒரு சனி, ஞாயிறில். சனிக்கிழமை செய்து வைப்பது, ஞாயிறு காலை தட்டை எடுத்து வெளியூர்த் தேர்வாளர் முன்னால் காட்டி விளக்குவது. திங்கள் வரைக்கும் விட்டால் தட்டில் கண்டபடி குட்டிப் புள்ளிகள் முளைத்துவிடும், தேர்வாளரும் ஞாயிறு மத்தியானமே ஊருக்குப் போய்விடுவார்.

எல்லாம் சரி. அந்தச் சனி, ஞாயிறுதான் எங்கள் சந்தில் கூழ்.

இங்கேதான் நான் ஏமாந்தேன். குடியாத்தத்தில் எங்கள் தெரு அம்மனுக்குத் திருவிழா வைகாசியில். ஆடி எங்களுக்குச் சும்மா கிடக்கிற மாதம். அதே நினைப்பில், ஊர்க் காலண்டரை வைத்து, பீன்யாவில் உட்கார்ந்துகொண்டு திட்டம் போட்டேன். ஸ்ரீராம்புரத்தில் ஆடியைப்போல நெருக்கடியான மாதமே கிடையாது. வாராவாரம் ஒரு சந்தில் பம்பை அடிக்கும். அது தெரிந்த பிறகும், யார் வீட்டுக் கூழோ, ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். முதல் பானை எங்கள் வீட்டு முறை என்று கன்னியம்மா வந்து சொன்னபோது தேர்வுக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

முறை என்றால் சும்மா சமைத்துக் கொடுப்பது இல்லை. வெள்ளிக்கிழமை மஞ்சள் கயிறு கையில் கட்டுவார்கள், அதுதான் காப்பு. அன்றே சந்தின் இரண்டு முனையிலும் வேப்பிலைத் தோரணம் கட்டிவிடுவார்கள். காப்புக் கட்டியவர் ஞாயிறு கூழ் ஊற்றி முடிகிறவரை அந்தத் தோரணத்தைத் தாண்டக் கூடாது. எப்போதும் வீட்டுப் பெண்பிள்ளைதான் கட்டிக்கொள்வாள், அவளேதான் கூழ் கிண்டுவாள்.

7

கன்னியம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. சொன்னதும் அவர் இடுப்பிலிருந்த என் பையனைக் கீழே இறக்கிவிட்டார்.

“இன்னாடி பேசற? ஊருல பொறந்தவதான நீ? அம்மனுக்குக் கூழு ஊத்தறத வுட்டுட்டு எவனோ ஒருத்தன் எதுர்ல போய் தட்ட காட்டப் போறியா?”

முறையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று விசாரித்தோம். போன வருடம் கன்னியம்மா வீடு, அடுத்தடுத்து ஒரே வீடு செய்வதில்லை. எங்களுக்கு அடுத்த வீட்டில் அப்போதுதான் ஒரு சாவு, தீட்டு. அதற்கும் அடுத்த வீட்டுக்காரர்கள் மகள் பிரசவத்துக்கு ஓசூர் போயிருந்தார்கள். பரீட்சையைத் தள்ளி வைக்க முடியுமா என்று கன்னியம்மா கேட்டார். இந்த ஆடியோடு கெடு முடிகிறது, விட்டால் ஐந்து வருடப் படிப்பும் போயிற்று என்றேன். அவர் முகம் இறங்கிவிட்டது. கோபத்தைவிட அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு வருடம் என் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? அவருக்காக விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். சென்னைக் கல்லூரி திறந்த அந்த வாரம் ஞாபகத்துக்கு வந்தது. இன்னொரு தடவை தாங்காது என்று தோன்றியது.

அதுவரை வாசற்படியில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர் தனசேகர்.

“காப்ப நான் கட்டிக்கறேன்” என்றார்.

கன்னியம்மா திரும்பினார். “தீ மிதிக்கறதுக்குக் கட்டிக்குவாங்க ஆம்பளைங்க. கூழு கிண்டறதுக்கா?”

“பீன்யால லேத்துக்கு பீப்பா பீப்பாயா கூலண்ட் தண்ணி கலக்கறேன். ஒரு பானை கூழு கலக்க மாட்டனா?”

விஷயம் பூசாரி முனிரத்னம் வரைக்கும் போயிற்று. அவரும் மாநகராட்சிக்காரர்தான், கன்னியம்மாவோடு வேலை பார்க்கிறவர். சந்தே கூடி நின்றது. ஆகும், ஆகாது என்று ஆளுக்கு ஒரு பக்கம் பேசினார்கள். முனிரத்னம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“கூழு அடி புடிக்கக் கூடாது. அத்த மட்டும் பார்த்துக்க. யாரு கிண்டுனா ஆத்தாக்கு இன்னா?”

அவ்வளவுதான், தீர்ப்பு ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கன்னியம்மாவே தம்பி கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். கட்டும்போதும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார்.

8

சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு நொதிக் குப்பியையும் பனிக்கட்டியிலிருந்து எடுக்கும்போது ஒரு பிரார்த்தனையே செய்தேன். அன்று கரண்ட் ஒழுங்காக இருந்தது. சாயங்காலம் தட்டுகளை முப்பத்தேழு டிகிரிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் மஞ்சள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மாவு கரைத்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் சந்துப் பெண்கள். தண்ணி போதாது என்று ஒருத்தி, கையை விட்டுக் கரைக்கணும் என்று ஒருத்தி, இதுக்கு மீசை எதற்கு, எடுத்துவிடு என்று ஒருத்தி. அவர் பாட்டுக்குக் கரைத்தார். பட்டறை எண்ணெய் போகவே போகாத விரல்களை அன்று எதைப் போட்டுத் தேய்த்தாரோ, வெளுத்துக் கிடந்தன.

ஞாயிறு காலை நான் கிளம்பும்போது அடுப்பில் பெரிய பானை ஏறியிருந்தது. அவர் துடுப்புப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார். கன்னியம்மா ஒரு பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து காவல். பவித்ரா புகைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தாள். நான் போய்வருகிறேன் என்றேன். அவர் கிண்டுவதை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினார். நிறுத்தினால் அடி பிடிக்கும்.

தோரணத்தைக் குனிந்து தாண்டியபோது மனசு கேட்கவில்லை. மெஜஸ்டிக் வரைக்கும் அம்மனிடம் பேசிக்கொண்டே போனேன்.

தேர்வாளர் மைசூர்ப் பக்கத்துப் பெரியவர், அதிகம் பேசாதவர். ஒவ்வொருவராகப் பெட்டியிலிருந்து தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்கள். என் முறை வந்தது. மூடியைத் திறக்கும்போது நான் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு குனிந்து பார்த்தேன். நீலம் இருந்தது. நீலத்துக்கு நடுவில், நடுவில் என்ன, தட்டின் பாதிக்கு மேல் வெள்ளை. வெள்ளை வெளேரென்று.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வெள்ளையாக இருப்பதெல்லாம் சரிதான் என்று எப்படி நம்புவது? நம்பக் கூடாது சார் என்றேன். வெள்ளையும் சில சமயம் பொய் சொல்லும். இதை எடுத்து வளர்த்து, உள்ளே இருக்கிற வளையத்தைப் பிரித்தெடுத்து, மறுபடி வெட்டிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். எந்த நொதியால் வெட்டுவேன், எத்தனை துண்டு வர வேண்டும் என்றும் சொன்னேன். இத்தனை வருடம் தொட்டி சாம்பிளில் கையெழுத்துப் போட்ட பழக்கம், சரிபார்க்காமல் எதையும் விட வராது. அவர் மேடத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு எழுதினார்.

வாசலில் நாகரத்னா மேடம் என் தோளைத் தட்டினார். “ஆய்த்தும்மா. இனிமே கவுன் போட்டுக்கறதுதான் பாக்கி.” வீட்டில் கூழ் என்றதும், அவர்கள் பக்கத்தில் அதற்கு அம்பலி என்று பெயர், நாளைக்கு ஒரு டம்ளராவது கொண்டுவரவேண்டும் என்றார். சரி சரி என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினேன்.

அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டேன், கூடமும் என் பொறுப்பில் வந்தது. இப்போது மேலே போடுகிற கையெழுத்து என்னுடையது. என்னிடம் வேலை பார்க்கிற இரண்டு பெண்கள் காலண்டரைப் பார்த்துத் திட்டம் போட்டு அதே படிப்பை முடித்துவிட்டார்கள். போடுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேட்டேன், உங்கள் சந்தில் கூழ் எந்த வாரம்? தனசேகருக்கும் பேர் வந்துவிட்டது. எந்த வீட்டு முறையாக இருந்தாலும் பானை ஏறும்போது அவரை ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டிவிடுகிறார்கள். ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. பந்தியில் கேட்டவர்களுக்கு நான் சொல்ல நினைத்தது அந்த ஞாயிற்றுக்கிழமையின் மிச்சத்தைத்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் சந்து திரும்பினேன். பம்பைச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. இன்னும் கூழ் ஊற்றவில்லை. தோரணத்துக்கு அந்தப் பக்கம், வேப்பிலை தலையில் இடிக்கிற மாதிரி ஒருவர் நிற்கிறார். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய மஞ்சள், கையில் காப்பு, முட்டிவரை கூழ் தெறித்திருக்கிறது. தாண்டக் கூடாது என்பதால் அந்தக் கோட்டிலேயே நின்று பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் கன்னியம்மா, என் பையன், பவித்ரா, பானையைத் தூக்கக் காத்திருக்கிற ஆட்கள்.

நான் ஓடிவருவதைப் பார்த்ததும் அங்கிருந்தே கத்தினார். “ராணி, வெள்ளையா நீலமா?”

“வெள்ளைங்க!”

அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சந்தைப் பார்த்துத் திரும்பி, “வெள்ளை!” என்றார்.

எது வெள்ளை, எதற்கு வெள்ளை என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. கன்னியம்மாதான் முதலில் குலவை போட்டார். பம்பைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு அடித்தார்கள் பாருங்கள் ஒரு அடி. நான் குனிந்து தோரணத்துக்கு உள்ளே வந்தேன். பானை கிளம்பியது. கூழ் அடி பிடிக்கவே இல்லை.